பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போடலாமா, காசு வீணா?

தாரணி_சேலம்

வணக்கம். தம்பி பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது கொடுத்த அரசு லேப்டாப் வீட்டில் இருக்கிறது. 2017 வாக்கில் வந்தது. 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அவன் வேலைக்குப் போய் வேறு வாங்கிக்கொண்டான். இப்போது நான்தான் டைப்பிங் வேலைக்கும் டிஎன்பிஎஸ்சி வகுப்பு வீடியோக்கள் பார்க்கவும் வைத்திருக்கிறேன். பவர் பட்டனை அமுக்கிவிட்டுப் போய் பால் காய்ச்சி, காபி கலந்து எடுத்து வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவப்பாகக் காட்டுகிறது. டிஸ்க்கில் பாதிதான் நிறைந்திருக்கிறது, அப்புறம் எப்படி 100 என்று புரியவில்லை.

பக்கத்துக் கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 256 ஜிபி எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சில்லில் டேட்டாவை வைக்கும் டிரைவ்) போட்டால் சரியாகிவிடும், 2,800 ரூபாய் என்கிறார். சித்தப்பாவோ அந்தப் பணத்தை இதில் போடாதே, கூடப் போட்டுப் புதுசு வாங்கு என்கிறார். எஸ்எஸ்டி சீக்கிரம் போய்விடும், போனால் உள்ளே இருப்பது ஒன்றும் திரும்பாது என்றும் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சர்வீஸ்_குமரன்

போடுங்க மேடம். திருப்பூரில் கடை வைத்திருக்கிறேன். அரசு லேப்டாப் வராத வாரம் கிடையாது. வந்தால் பத்தில் எட்டுக்கு இதே நோய், இதே மருந்துதான்.

ஆனால் ஒரு கேள்வி. பேட்டரி நிற்கிறதா, இல்லை சார்ஜரைப் பிடுங்கினால் உடனே ஆஃப் ஆகிறதா? இதை முதலில் சொல்லுங்கள்.

பழைய_டிஸ்க்

குமரன் அண்ணே, கடைக்காரர் பக்கத்துக் கதையை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். மறுபக்கத்தை நான் சொல்கிறேன்.

ஒன்று, ராம் 4 ஜிபிதான். குரோமில் நாலு டேப் திறந்தால் முடிந்தது. எஸ்எஸ்டி போட்டதும் ராம் கூடிவிடாது. இரண்டு, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்றே ஆதரவை நிறுத்திவிட்டது. 2017 மெஷினில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, அது இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கேட்கிறது, ஏஎம்டி ரைசன் என்றால் 2000 வரிசையிலிருந்து. மூன்று, ஹார்ட் டிஸ்க் சாகும் முன்னால் டிக் டிக் என்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி நேற்று ஓடியது, இன்று பயாஸிலேயே (மெஷின் எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) தெரியாது. நான்கு, விலை. 2023-இல் இதே 256 ஜிபி எவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மெமரி சில்லுகளெல்லாம் ஏஐ சர்வர்களுக்குப் போக ஆரம்பித்து 2025 கடைசியிலிருந்து ராம், எஸ்எஸ்டி இரண்டும் ஏறிக்கொண்டே இருக்கின்றன. இந்த நேரம் பார்த்தா வாங்குவது?

பிட்டும்_பைட்டும்

முதலில் தாரணியின் 100 சதவீதச் சந்தேகம். டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிறைந்திருக்கிறது என்ற கணக்கு இல்லை அது. டிஸ்க் ஒரு நொடிகூடச் சும்மா உட்காரவில்லை என்று அர்த்தம். அதே திரையில் வேகத்தையும் பாருங்கள், நொடிக்கு 1 எம்பி, 2 எம்பி என்றுதான் இருக்கும்.

ஏன் இவ்வளவு கம்மி? லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்டு. நாம் கேட்ட இடம் ஹெட்டுக்கு (டிஸ்க்கைப் படிக்கும் முனை) நேராக வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, ஐந்தரை மில்லிசெகண்டு. அதற்கு முன் ஹெட் அந்தத் தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு 12 வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டை எடுக்க 17, 18 மில்லிசெகண்டு ஆகிறது. நொடிக்கு 55, 60 துண்டுக்கு மேல் முடியாது. துண்டு 4 கேபி என்றால் நொடிக்கு 240 கேபிதான்! ஒரு பெரிய சினிமா ஃபைலை வரிசையாகப் படிக்கச் சொன்னால் இதே டிஸ்க் 100 எம்பி வரை தரும். ஆனால் விண்டோஸ் எழும்போது கேட்பது ஆயிரக்கணக்கான பொடி ஃபைல்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில். அதோடு அப்டேட், ஆன்டிவைரஸ், தேடல் இன்டெக்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் ஹெட்டை இழுக்கின்றன.

எஸ்எஸ்டியில் சுற்றவும் நகரவும் எதுவும் இல்லை. எந்த மூலையில் இருந்தாலும் 0.1 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும். ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டிகூட இந்தப் பொடித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டாலே நொடிக்கு 30 எம்பி பக்கம் தரும். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். மெஷின் எழும்பும் நேரத்தில் நீங்கள் உணர்வது இதைத்தான். டப்பாவில் போட்டிருக்கும் 550 எம்பி பெரிய ஃபைல் காப்பி பண்ணும்போதுதான் கண்ணில் படும்.

இதனால்தான் 2010, 2011 வாக்கில் வந்த சாட்டா 2 (பழைய, மெதுவான சாட்டா) லேப்டாப்பில் போட்டாலும் பலன் தெரிகிறது. அந்தப் போர்ட்டில் 280 எம்பிக்கு மேல் போகாது, இருந்தாலும் பொடித் துண்டுகளுக்கு அதுவே அதிகம். 7,000 எம்பி என்று விற்கும் என்விஎம்இ என்ற வேகமான இணைப்பு எஸ்எஸ்டிக்கும் 550 எம்பி சாட்டாவுக்கும் இடையில் டைப்பிங், பிரவுசர் வேலையில் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது என்பதும் இதே காரணத்தால்தான்.

பழைய_டிஸ்க்

கணக்கெல்லாம் சரி. ராமுக்குப் பதில் வரவில்லையே?

பிட்டும்_பைட்டும்

வருகிறேன். ராம் பத்தாதபோது விண்டோஸ் டிஸ்க்கிலேயே ஒரு பகுதியை ராமாகப் பயன்படுத்தும். ஹார்ட் டிஸ்க்கில் அது நடந்தால் மெஷின் உறைந்துவிடும், எஸ்எஸ்டியில் கொஞ்சம் தயங்கும், அவ்வளவுதான். அதனால் 4 ஜிபி மெஷினிலும் எஸ்எஸ்டி கைகொடுக்கும். ஆனால் எந்நேரமும் அப்படியே ஓட்டுவது நல்லதல்ல, எழுதும் அளவு கூடும். ஸ்லாட் இருந்தால் இன்னொரு 4 ஜிபி போடச் சொல்வேன். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் இந்த மெஷினுக்கு எஸ்எஸ்டிதான் முதலில்.

தாரணி_சேலம்

குமரன் சார், பேட்டரி சுத்தமாகப் போய்விட்டது. பிடுங்கினால் உடனே ஆஃப். எப்போதும் சார்ஜரிலேயேதான் ஓடுகிறது. எங்கள் தெருவில் கரண்ட் அடிக்கடி போகும். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சர்வீஸ்_குமரன்

சம்பந்தம் இருக்கிறது மேடம். என் கடைக்கு "திடீரென்று செத்துப்போச்சு" என்று வந்த எஸ்எஸ்டிகளை எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் பேட்டரி இல்லாத லேப்டாப், இல்லாவிட்டால் யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப். ஏன் என்று பைட்டு சார்தான் விளக்க வேண்டும், எனக்குக் கண்ட அனுபவம்தான்.

பிட்டும்_பைட்டும்

எஸ்எஸ்டி டேட்டாவை ஒரே இடத்தில் வைத்திருப்பதில்லை. செல்கள் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காக உள்ளுக்குள் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். எது எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு பட்டியல் வைத்திருக்கும். அந்தப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்கும் கணத்தில் கரண்ட் போனால் பட்டியலே குழம்பலாம். அப்போது டேட்டா சில்லில் இருந்தும் கண்ட்ரோலருக்கு (டிரைவை நடத்தும் சில்லு) அது எங்கே என்று தெரியாது. சர்வர் எஸ்எஸ்டிகளில் அந்தக் கடைசிச் சில மில்லிசெகண்டுகளுக்கு மின்சாரம் தர கெப்பாசிட்டர்கள் இருக்கும். நாம் வாங்கும் விலையில் இருக்காது.

2013-இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தினரும் எச்பி ஆய்வகத்தினரும் 15 எஸ்எஸ்டிகளை எடுத்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே வேண்டுமென்றே மின்சாரத்தை வெட்டிப் பார்த்தார்கள். 13-இல் ஏதாவதொரு கோளாறு வந்தது. அதற்குப் பிறகு ஃபர்ம்வேர் (டிரைவுக்குள் ஓடும் மென்பொருள்) எவ்வளவோ தேறிவிட்டது, அதனால் பயந்து ஓட வேண்டாம். ஆனால் செத்த பேட்டரியோடு, தினம் கரண்ட் போகும் தெருவில் எஸ்எஸ்டி போடுவதாக இருந்தால் பேட்டரியையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய_டிஸ்க்

பாருங்கள். 2,800-இல் ஆரம்பித்தது. இப்போது ராம், பேட்டரி. சித்தப்பா சொன்னது அவ்வளவு தப்பாகத் தெரியவில்லை.

நல்லூரான்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 2022 மார்ச் கடைசியில் எங்களுக்கு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. அந்த நாட்களில் கணனி வைத்திருந்த ஆக்களுக்கு இந்தக் கதை நல்லாய் விளங்கும். கரண்ட் போகிறதை விட, திரும்பி வருகிற நேரம் வோல்டேஜ் துள்ளுகிறதுதான் கூடச் சேதம் செய்தது. அதில் ஹார்ட் டிஸ்க்கும் போனது, எஸ்எஸ்டியும் போனது, அடப்டரும் போனது. ஆகவே இதை எஸ்எஸ்டியின் குற்றம் என்று மட்டும் சொல்ல ஏலாது.

பேட்டரி மிச்சம் பிடிக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள், அதை நம்பி வாங்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க் ஓடும்போது 2 வாட் அளவில் எடுக்கும், திரையும் ப்ராசசரும் தின்கிறதோடு பார்த்தால் அது சின்னப் பங்கு. கொஞ்ச நேரம் கூட நிற்கும், அவ்வளவுதான். உண்மையான லாபம் வேறு: மடிக்கணனியைப் பையில் போட்டு பஸ்ஸில் குலுங்கக் குலுங்கக் கொண்டு போகலாம், உள்ளே அசைகிற சாமான் ஒன்றும் இல்லை.

தாரணி_சேலம்

சரி. "சீக்கிரம் போய்விடும்" என்பது உண்மையா? இத்தனை தடவைதான் எழுத முடியும் என்று யூடியூபில் சொன்னார்கள்.

பிட்டும்_பைட்டும்

எழுதுவதற்கு அளவு உண்டு. ஒவ்வொரு செல்லிலும் மின்னூட்டத்தை அடைத்துத்தான் டேட்டாவை வைக்கிறார்கள், அடைக்க அடைக்க செல் தேயும். ஒரு செல்லில் ஒரு பிட் வைத்தால் எஸ்எல்சி, இரண்டு எம்எல்சி, மூன்று டிஎல்சி, நான்கு கியூஎல்சி. பிட் கூடக் கூட விலை குறையும், ஆயுளும் குறையும்.

ஆனால் உங்கள் பயன்பாட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விலை குறைந்த வகையில் ஒன்றான கிங்ஸ்டன் ஏ400, 240 ஜிபி மாடலுக்கு நிறுவனம் சொல்லும் எழுதும் அளவு 80 டிபி, அதாவது 80,000 ஜிபி. ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினாலும், டைப்பிங்குக்கும் வீடியோ பார்ப்பதற்கும் அவ்வளவு வராது, 4,000 நாள் ஆகும். பதினோரு வருஷம். அதற்குள் கீபோர்டு, கீல், திரை எல்லாம் போயிருக்கும். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு 300 டிபி. நம்மைப் போன்றவர்கள் எழுதி எழுதி எஸ்எஸ்டியைத் தேய்த்துத் தீர்ப்பது அபூர்வம்.

சாவது வேறு காரணங்களால்: கண்ட்ரோலர் போவது, ஃபர்ம்வேர் பிழை, மின்சாரம். ஃபர்ம்வேர் பிழைக்குப் பெரிய கம்பெனி என்றும் பார்க்க முடியாது. 2014-இல் சாம்சங் 840 ஈவோவில் எழுதி நாளான ஃபைல்களைப் படிக்கும் வேகம் விழுந்து, அதற்கு ஒருமுறை திருத்தம் விட்டு, பத்தாமல் மறுவருஷம் இன்னொன்று விட்டார்கள். 980 புரோவிலும் ஒரு ஃபர்ம்வேர் பதிப்பு டிரைவை எழுத முடியாத நிலைக்குத் தள்ளியது, அதற்கும் திருத்தம் வந்தது. எஸ்எஸ்டி வாங்கியதும் கம்பெனியின் மென்பொருளை இறக்கி ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

கேமரா_கண்ணன்

மதுரையில் கல்யாண வீடியோ எடிட்டிங். தாரணி மேடம் கேள்விக்கு நேரடிப் பதில் இல்லை, ஆனால் இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

கியூஎல்சி என்றால் கவனம். முகூர்த்தம் முடிந்து வந்து மூன்று கேமரா கார்டையும் ஒரே மூச்சாகக் கொட்டுவோம். ஆரம்பத்தில் 500 எம்பி என்று பறக்கும். கொஞ்சம் கழித்துப் பார்த்தால் ஹார்ட் டிஸ்க்கை விடக் கீழே விழுந்திருக்கும். காரணம், அந்த டிரைவ் தன் செல்களில் ஒரு பகுதியை ஒரு பிட் முறையில் வேகமாக எழுதிக்கொள்ளும், அது நிரம்பியதும் நேராக நாலு பிட் முறையில் எழுத வேண்டியதுதான். சாம்சங் 870 கியூவிஓ 1 டிபி மாடலுக்கு அந்த நிலையில் 80 எம்பி என்று அவர்களே விவரக்குறிப்பில் போட்டிருக்கிறார்கள். டப்பாவின் முகப்பில் 560 என்றிருக்கும், இந்த 80 உள்ளே பொடி எழுத்தில். டிரைவ் நிறைய நிறைய அந்த வேகப் பகுதியும் சுருங்கும், அதனால் 15, 20 சதவீதம் காலியாகவே விட்டுவைக்கிறேன்.

நான் எடிட் பண்ணுவது என்விஎம்இயில். டெலிவரி முடிந்த வேலை எல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விடும், அதுவும் இரண்டு பிரதி, ஒன்று ஸ்டுடியோவில், ஒன்று வீட்டில். 4 டிபி, 8 டிபி என்று வரும்போது ஹார்ட் டிஸ்க் விலைக்குப் பக்கத்தில் எஸ்எஸ்டி நிற்க முடியாது. எஸ்எஸ்டி போட்டால் ரெண்டரிங் வேகமாகும் என்று சொல்லி விற்கிறார்கள், அது ப்ராசசர், கிராஃபிக்ஸ் கார்டு வேலை. கேம் ஆடுகிறவர்களுக்கும் அதேதான். லோடிங் நேரம் குறையும், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) ஏறாது.

நல்லூரான்

கண்ணன் அண்ணை சொன்ன சேமிப்புக் கதைக்கு ஒன்று சேர்க்கிறேன். குடும்பப் படங்களை எஸ்எஸ்டியில் ஏற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு மறந்து போகக் கூடாது. செல்லில் இருக்கும் மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் கெதியாகக் கசியும். ஜெடெக் என்ற தர அமைப்பு சாதாரண எஸ்எஸ்டிக்கு வைத்திருக்கிற அளவுகோல் இதுதான்: எழுதும் அளவு முழுவதும் தீர்ந்த பிறகு, மின்சாரம் இல்லாமல், 30 பாகையில் ஒரு வருடம் டேட்டா நிற்க வேண்டும். புது டிரைவ் இதைவிட நெடுங்காலம் தாங்கும். ஆனால் எங்கட ஊர் வெயிலில் அலுமாரிக்குள் 30-க்கு மேல்தான்.

பழைய_டிஸ்க்

இதைத்தானே நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்! இன்னொன்று யாரும் சொல்லவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் தெரியாமல் அழித்துவிட்டால் மேலே வேறு எதுவும் எழுதாத வரை மென்பொருள் வைத்து மீட்கலாம். எஸ்எஸ்டியில் ட்ரிம் என்று ஒன்று இருக்கிறது. அழித்ததும் விண்டோஸ் அந்த இடம் இனி வேண்டாம் என்று டிரைவுக்குச் சொல்லிவிடும், டிரைவ் துடைத்துவிடும். விண்டோஸ் 7-இலிருந்தே அப்படித்தான். போனது போனதுதான்.

பிட்டும்_பைட்டும்

அது உண்மை, மறுக்கவில்லை. ட்ரிம் இல்லாவிட்டால் எழுதும் வேகம் போகப் போக விழும், அதனால் அதை நிறுத்தவும் முடியாது. ஆனால் "ஹார்ட் டிஸ்க் எச்சரித்துவிட்டுச் சாகும்" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சில சத்தம் போடும். கீழே விழுந்தது, மதர்போர்டு போலவே திடீரென்று சர்க்யூட் போர்டு போனது, இவை எங்கே எச்சரித்தன? பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் சர்வர்களில் ஓடும் டிரைவ்களின் கணக்கை வெளியிடுகிறது. அங்கே எஸ்எஸ்டிகள் வருஷத்துக்கு 1 சதவீதத்தை ஒட்டித்தான் போகின்றன. ஹார்ட் டிஸ்க்குகளோ ஐந்தாம் வருஷத்தை நெருங்கும்போது ஏற ஆரம்பிக்கின்றன. தாரணியிடம் இருப்பது அதைத் தாண்டியது.

லினக்ஸ்_மகேஸ்வரி

எல்லோரும் வன்பொருளையே பேசுகிறீர்கள். விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்பதுதான் பெரிய விஷயம். எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றுங்கள் தாரணி. 4 ஜிபி ராமே போதும், ஆன்டிவைரஸ் தலைவலி இல்லை. தமிழ்99 விசைப்பலகை எல்லாம் இருக்கிறது. அந்த லேப்டாப்போடு பாஸ் லினக்ஸ் என்ற இந்திய லினக்ஸ் வந்திருக்குமே, திறந்தாவது பார்த்தீர்களா?

தாரணி_சேலம்

பார்த்ததில்லை அக்கா, தம்பி முதல் நாளே அதை எடுத்துவிட்டான். ஆனால் எனக்கு வரும் டைப்பிங் வேலை எல்லாம் வானவில் எழுத்துருவில்தான் கேட்கிறார்கள், எம்எஸ் வேர்டில். யூனிகோடு கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதனால் விண்டோஸை விட முடியாது.

லினக்ஸ்_மகேஸ்வரி

வானவில்லா, அப்போ நான் ஒன்றும் சொல்லவில்லை. விண்டோஸ் 10-க்கே கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது, அதில் சேர்ந்துகொள்ளுங்கள். அது முடிந்த பிறகு வேர்டு வேலைக்கு மட்டும் விண்டோஸ், பேங்க், பிரவுசர் எல்லாம் லினக்ஸ் என்று ஒரே எஸ்எஸ்டியில் இரண்டும் வைத்துக்கொள்ளலாம்.

சர்வீஸ்_குமரன்

வாங்கும்போது பார்க்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

உங்கள் மெஷினுக்கு இரண்டரை இஞ்ச் சாட்டாதான் கேட்க வேண்டும். கடையில் சூயிங்கம் பட்டை மாதிரி எம்.2 கொடுத்து "இதுதான் லேட்டஸ்ட்" என்பார்கள். எம்.2-லேயே சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு ஜாதி உண்டு. பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஸ்லாட்டில் உட்காரவும் செய்யும், ஆனால் சாட்டா மட்டும் தெரிந்த ஸ்லாட்டில் என்விஎம்இ போட்டால் மெஷின் கண்டுகொள்ளாது. ஸ்லாட்டில் செருகும் காலில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. ஆனால் வெட்டை மட்டும் நம்பாமல் மேனுவலைப் பார்த்துவிடுவது நல்லது. சில சின்ன லேப்டாப்களில் 32 ஜிபி, 64 ஜிபி ஸ்டோரேஜை போர்டிலேயே பற்ற வைத்திருப்பார்கள், அதைக் கழற்ற முடியாது. உங்களுடையதில் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் இருப்பதால் அந்தப் பிரச்சினை இல்லை.

ஆன்லைனில் 2 டிபி எஸ்எஸ்டி 1,500 ரூபாய் என்று வந்தால் தொடவே தொடாதீர்கள். ஒருத்தர் கொண்டுவந்தார், கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு மெமரி கார்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தது. 2 டிபி என்று காட்டும், உண்மையான அளவு தாண்டியதும் பழைய ஃபைல் மேலேயே எழுதும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளை ஓட்டினால் முழுக்க எழுதித் திருப்பிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். புதுசு என்று சொல்லி விற்றதில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியிருந்ததையும் பார்த்திருக்கிறேன். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் ஓடிய மணி நேரம் வரும், கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

மாட்டுவது பெரிய வித்தையில்லை. பின் மூடி ஸ்க்ரூ எல்லாம் கழற்றிய பிறகும் மூடி வராது, ஓரத்தில் பிளாஸ்டிக் கொக்கிகள் பிடித்துக்கொண்டிருக்கும். பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு மெதுவாக நகர்த்தினால் டக் டக் என்று விடும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் மூடிதான் உடையும். உள்ளே போனதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. ஹார்ட் டிஸ்க் ஒரு தகரச் சட்டத்தில் நாலு ஸ்க்ரூவில் இருக்கும், அதே சட்டத்தில் எஸ்எஸ்டி உட்காரும். பழைய டிஸ்க் ஒன்பதரை மில்லிமீட்டர் கனமாக இருந்து எஸ்எஸ்டி ஏழாக இருந்தால் ஆடும், டப்பாவில் ஒரு ஸ்பேசர் வந்தால் ஒட்டிக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் பட்டைக் கேபிள் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அது கெட்டு, எஸ்எஸ்டி போட்டும் மெதுவாகவே இருக்கிறது என்று திரும்பி வந்த கேஸ் உண்டு.

விண்டோஸைப் பழைய டிஸ்க்கிலிருந்து அப்படியே க்ளோன் (காப்பி) பண்ண வேண்டாம். 500-இலிருந்து 256-க்கு என்றால் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும், எட்டு வருஷக் குப்பையும் கூடவே வரும். புதிதாக ஏற்றுங்கள். லைசென்ஸ் மதர்போர்டோடு ஒட்டியது, டிஸ்க் மாற்றினால் போகாது.

பழைய_டிஸ்க்

2012 லேப்டாப் ஒன்று என்னிடம் இருக்கிறது, டிவிடி டிரைவோடு. எஸ்எஸ்டியைத் திட்டவில்லை, கேட்கிறேன்: எஸ்எஸ்டி போட்டுவிட்டு, டிவிடி இருக்கும் இடத்தில் கேடி (டிஸ்க்கை உட்கார வைக்கும் சட்டம்) போட்டு ஹார்ட் டிஸ்க்கையும் வைத்துக்கொள்ளலாமா?

சர்வீஸ்_குமரன்

ஆஹா, அண்ணன் இறங்கி வந்துவிட்டார்! தாராளமாக. எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில், ஹார்ட் டிஸ்க் கேடியில். மாற்றிப் போடாதீர்கள், சில மாடலில் டிவிடி போர்ட் வேகம் கம்மி. கேடி வாங்கும்முன் டிவிடி டிரைவ் கனத்தை அளந்துகொள்ளுங்கள், 9.5, 12.7 என்று இரண்டு அளவு.

தாரணி_சேலம்

எல்லோருக்கும் நன்றி. டிஎல்சி வகை 256 ஜிபி சாட்டா ஒன்றும், 4 ஜிபி ராமும் வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரிஜினல் பேட்டரிக்கு அடுத்த மாதம்தான் முடியும், அதுவரை வீட்டு இன்வெர்ட்டர் பாயிண்டிலேயே வைத்துக்கொள்கிறேன். சித்தப்பாவிடம் புது லேப்டாப் விலையைக் கேட்டுச் சொன்னதும் அவரே அமைதியாகிவிட்டார்.

கடைசியாக ஒன்று. பழைய ஹார்ட் டிஸ்க்கை யுஎஸ்பி உறையில் போட்டு பேக்கப் வைக்கலாமா? குமரன் சார் சொன்ன கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைச் சும்மா ஓட்டிப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை என்று வருகிறது. 05 என்ற வரியில் 0, சி5 என்ற வரியில் 8, சி7-இல் 0.

பிட்டும்_பைட்டும்

தாரணி, சி5 என்பது படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்கள். 8 இருக்கின்றன. அந்த இடத்தில் கைவைக்கும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும், உங்கள் மெஷின் உறைந்து நிற்பதில் அதற்கும் பங்கு இருக்கும். சி7 என்பது கேபிள் வழி வரும் பிழைகளின் கணக்கு, அது பூஜ்யம் என்பதால் கேபிள் மீது சந்தேகமில்லை, டிஸ்க்தான். பேக்கப்புக்கு இது வேண்டாம்.

எஸ்எஸ்டி வரும்வரை காத்திருக்காதீர்கள். டைப் பண்ணிய ஃபைல்கள், போட்டோக்கள், வானவில் செட்டப் ஃபைல் மூன்றையும் இன்றைக்கே பென் டிரைவிலோ தம்பி லேப்டாப்பிலோ எடுத்துவிடுங்கள். முக்கியமானதை முதலில், ஃபோல்டர் ஃபோல்டராக. ஏதாவது ஒரு ஃபைலில் நின்றுவிட்டால் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போங்கள். ஸ்கேன் டிஸ்க் எதுவும் இப்போது ஓட்ட வேண்டாம்.

சர்வீஸ்_குமரன்

ஆமாம் மேடம், முதலில் அதைச் செய்யுங்கள். உறைக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு பென் டிரைவ் வாங்கிக்கொள்ளலாம்.

தாரணி_சேலம்

தம்பி வெள்ளிக்கிழமை வருகிறான், அதுவரை பென் டிரைவில் எடுக்கிறேன். வானவில் ஃபோல்டர் முதலில் போய்க்கொண்டிருக்கிறது.